அப்பச்சிக்கு அடுத்த மூச்சுத்திணறல் வந்தால் மதுரைக்குக் கொண்டு போவதா, வீட்டிலேயே பார்ப்பதா?

கண்டனூர் மீனா

அப்பச்சிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, 86 வயது. சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், கூடவே இதயமும் பலவீனம். நினைவில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குள்ளேயே கட்டிலிலிருந்து பட்டாலை வரை நடந்தாலே இரைக்கிறது. இனி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கித்தான் வீடு திரும்புவார் என்று நெஞ்சக மருத்துவர் சொல்லிவிட்டார். "தொண்டையில குழாய் மட்டும் வேண்டாம், நம்ம வீட்டுல இருக்கேன்" என்பதுதான் அப்பச்சியின் பேச்சு. சிங்கப்பூரில் இருக்கும் பெரியண்ணன், செலவைப் பார்க்காதே, மதுரைக்குக் கொண்டு போ என்கிறார். சென்னையில் இருக்கும் சின்னண்ணன், அவர் சொன்னபடி விடு என்கிறார். பக்கத்தில் இருப்பது நான்.

அவர் பேச்சைச் சட்டப்படி எழுதி வைக்க முடியுமா? ஐசியுவுக்குப் போனால் என்னென்ன செய்வார்கள், எவ்வளவு ஆகும்? வீட்டில் வைத்தால் திணறலை எப்படிச் சமாளிப்பது? செய்ய முடிந்ததைச் செய்யாமல் விட்ட பாவம் வருமா என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

ஐசியு மருத்துவர், மதுரை

மீனா ஆச்சி, மதுரையா வீடா என்று கேட்டால் அண்ணன்மார் இருவரும் ஒத்துவர மாட்டார்கள். ஒவ்வொரு சிகிச்சையாகப் பிரித்துக் கேளுங்கள். அப்பச்சி வேண்டாம் என்று சொல்வது குழாயைத்தான். சிகிச்சை முழுவதையும் அவர் மறுக்கவில்லை.

சிஓபிடியில் திணறல் ஏறும்போது ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றுக் கொடுக்கும் பைபாப் அதைக் குறைக்கும். தொண்டையில் ஒன்றும் போகாது, பேசலாம், நடுவில் கழற்றி வாயை நனைக்கலாம். வேலை செய்கிறதா என்பது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில், ரத்த வாயுப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதோடு நெபுலைசர், ஐந்து நாள் ஸ்டீராய்டு, சளி நிறம் மாறியிருந்தால் ஆன்டிபயாடிக். இவை எல்லாம் அவருக்குப் பலன் தரக்கூடியவை. இவற்றை மறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

வென்டிலேட்டர் வேறு கதை. குழாய் போட்டால் மயக்க மருந்து வேண்டும், பேச்சு நின்றுவிடும், குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டுவதும் உண்டு. தேய்ந்த நுரையீரலை இயந்திரத்திலிருந்து விடுவிப்பது கடினம். ஒன்று இரண்டு வாரத்தில் முடியாவிட்டால் கழுத்தில் துளை போடுவது பற்றிப் பேச்சு வரும். அதன்பிறகு கிருமித்தொற்று, படுக்கைப்புண், சிறுநீரகப் பழுது என்று ஒன்றை ஒன்று இழுத்து வரும். இதயம் நின்ற பிறகு நெஞ்சை அழுத்துவதும் அப்படித்தான். இந்த வயதில், இந்த நோயோடு பிழைத்து வீடு திரும்புவோர் மிகக் குறைவு. விலா எலும்பு உடைவது சாதாரணம்.

பெரியண்ணனுக்கு ஏற்ற நடுவழி ஒன்று உண்டு. பைபாப் வரை முழு முயற்சி, 48 முதல் 72 மணி நேரம். சேர்க்கும் அன்றே மருத்துவரிடம் அளவுகோலைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஆக்சிஜன் தேவை குறைகிறதா, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, சிறுநீர் போகிறதா, ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஏறிக்கொண்டே போகிறதா. கெடு முடிந்ததும் அண்ணன்மார் இருவரையும் ஒரே வீடியோ அழைப்பில் வைத்து மருத்துவரே பேசட்டும். ஒருவரிடம் கேட்டு இன்னொருவருக்குச் சொல்வதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது.

செலவைப் பொறுத்தவரை படுக்கை வாடகையை மட்டும் கேட்டு ஏமாற வேண்டாம். வென்டிலேட்டர் நாள் கட்டணம், ஆக்சிஜன், மருந்து, தினசரி ரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு சிறப்பு மருத்துவரின் வருகைக் கட்டணம் எல்லாம் சேர்த்து "ஒரு நாளுக்கு மொத்தம் எவ்வளவு" என்று எழுதி வாங்குங்கள். கணக்குக்காக 30,000 என்று வைத்தால் 14 நாளில் 4,20,000. டயாலிசிஸ் சேர்ந்தால் இன்னும் மேலே. பணம் இருக்கிறது என்பது அதைச் செலவழிக்கக் காரணம் ஆகாது. பணம் இல்லை என்பதும் பைபாப்பை மறுக்கக் காரணம் ஆகக்கூடாது. பைபாப் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உண்டு. சிவகங்கையில் கேட்டுப் பாருங்கள்.

பலரும் விழும் குழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணம் தீர்ந்த பிறகு, "எங்கள் பொறுப்பில் கூட்டிப் போகிறோம்" என்று கையெழுத்துப் போட்டு, கையால் அமுக்கும் காற்றுப்பையோடு ஆம்புலன்ஸில் ஊர் கொண்டுவந்து, நிலைவாசலில் வைத்துக் குழாயை எடுப்பது. வழியிலும் வீட்டிலும் வலிக்கோ திணறலுக்கோ ஒரு மருந்தும் இருக்காது. அந்தக் கடைசி மணி நேரம் அவருக்கும் கொடுமை, பார்ப்பவர்களுக்கும் கொடுமை. இயந்திரத்தை நிறுத்துவது என்று முடிவானால் மருத்துவமனையிலேயே, மருந்து கொடுத்து, முறைப்படி நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். அதற்குச் சட்ட வழி இருக்கிறது.

நோட்டரி வக்கீல், காரைக்குடி

அந்தச் சட்ட வழியைச் சொல்கிறேன். 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்தோடு இறப்பது 21-ஆம் பிரிவின் கீழ் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. முன்கூட்டியே மருத்துவ விருப்பப் பத்திரம் எழுதி வைக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் அதில் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்று இருந்ததால் நடைமுறையில் யாராலும் முடியவில்லை. 2023 ஜனவரி 24 அன்று அதை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டெட் அதிகாரியின் சான்று போதும்.

எழுதுபவர் 18 வயது நிரம்பியவர், தெளிவான மனநிலையில் இருப்பவர், யாருடைய வற்புறுத்தலும் இல்லாதவர் என்று இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். "கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று பொதுவாக எழுதினால் ஆளுக்கு ஒரு பொருள் சொல்வார்கள். மேலே மருத்துவர் பிரித்ததுபோல எழுதுங்கள்: பைபாப், ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், வலி மருந்து வேண்டும், தொண்டைக் குழாய், வென்டிலேட்டர், நெஞ்சை அழுத்துதல், டயாலிசிஸ் வேண்டாம். இது எந்த நிலையில் பொருந்தும் என்பதையும் எழுத வேண்டும்: மீளமுடியாத நோய், தன்னால் முடிவு சொல்ல முடியாத நிலை. அவர் சார்பாகப் பேசுபவராக ஒன்றுக்கு மேற்பட்டவர் பெயரைக் குறிப்பிடலாம். பக்கத்தில் இருக்கும் உங்கள் பெயரும் ஒரு அண்ணன் பெயரும் இருக்கட்டும். ஒரு நகலைக் குடும்ப மருத்துவரிடம் கொடுங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் இதற்குரிய அதிகாரியிடம் ஒன்று கொடுத்து ஒப்புகை கேளுங்கள். மனம் மாறினால் எழுத்து மூலம் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், ரத்து செய்யலாம்.

வீட்டுப் பங்கு, நகை, வைப்புத்தொகை பற்றிய உயிலை இதே நாளில், இதே சாட்சிகளோடு எழுத வேண்டாம். நம் பக்கம் ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளி என்பது தெரிந்ததுதான். பின்னால் ஒருவர் "சொத்துக்காக எழுதி வாங்கினார்கள்" என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. சாட்சிகள் வாரிசு அல்லாதவர்களாக இருப்பது நல்லது.

பத்திரம் எழுதியும் வென்டிலேட்டரில் போட்டாகிவிட்டது என்றால் நடைமுறை இது. சிகிச்சை தரும் மருத்துவரும், ஐந்தாண்டு அனுபவமுள்ள குறைந்தது இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதல் குழு பார்க்கும். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரும் வேறு இரண்டு நிபுணர்களும் உள்ள இரண்டாம் குழு. ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். முடிவை நிறைவேற்றும் முன் மருத்துவமனை மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். அவர் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம், நமக்கு மதுரைக் கிளை. பத்திரமே எழுதாதவருக்கும், நெருங்கிய உறவினரின் சம்மதத்தோடு இதே இரண்டு குழு முறை உண்டு. சில மருத்துவமனைகள் "எங்களிடம் அந்த வழக்கம் இல்லை" என்று சொல்லும். தீர்ப்பின் தேதியைக் குறிப்பிட்டு, மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

இன்னொன்று, அப்பச்சி பேசக்கூடிய நிலையில் இருக்கும்வரை பத்திரமோ குழுவோ தேவையில்லை. நோயும் விளைவும் விளங்கிய ஒருவர் ஒரு சிகிச்சையை வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பாவம் பற்றிக் கேட்டீர்கள். தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து முதியவர்களைச் சாகவைத்த வழக்கம் உண்டு. அது கொலை. ஊசி போட்டு உயிரை முடிப்பதும் இந்தியாவில் குற்றம்தான். ஒருவர் தன் வாயால் மறுத்த இயந்திரத்தை அவருக்குப் பொருத்தாமல் இருப்பதை இவற்றோடு சேர்க்க முடியாது. நோய் தன் போக்கில் போகிறது, நாம் உடன் இருக்கிறோம். அவர் வாயைப் பொத்திவிட்டு நம் மன நிம்மதிக்காகக் குழாய் போடுவதைத்தான் நான் தவறு என்பேன்.

வலிநிவாரணச் செவிலி, தேவகோட்டை

வீட்டில் வைத்துப் பார்ப்பதென்றால் அதற்கும் உழைப்பு, சாமான், மருந்து எல்லாம் வேண்டும். "வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம்" என்று படுக்க வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்து அழுவதற்குப் பெயர் பராமரிப்பு இல்லை.

முதலில் இடம். நம் வீடுகளில் கழிவறை பின்கட்டில், ஒவ்வொரு கட்டுக்கும் நிலைப்படி. நடமாட்டம் குறைந்தவரைப் பின்கட்டுக்கு நடத்தக்கூடாது. ஆத்தங்குடிக் கல் ஈரம் பட்டால் வழுக்கும், இடுப்பெலும்பு உடைந்தால் எல்லாத் திட்டமும் போச்சு. வளவை (நடு முற்றப் பகுதியை) ஒட்டிய காற்றோட்டமான இடத்தில் கட்டிலைப் போட்டு, கொமோடு நாற்காலியைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் விட்டு, தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டிலாக இருக்கட்டும். மூச்சுத்திணறல் உள்ளவர் மல்லாந்து படுக்க முடியாது.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம்) 5 லிட்டர் வகை போதும். சுமார் 350 வாட் இழுக்கும், இன்வெர்ட்டரை அதற்குத் தக்கபடி பாருங்கள். பழைய வயரிங் வீட்டில் எலக்ட்ரீசியனை வைத்துத் தனி லைன் இழுத்துவிடுங்கள். மின்வெட்டுக்கு ஒரு பி டைப் சிலிண்டர். அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். சிஓபிடிக்காரருக்கு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டே போகக்கூடாது. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். 98 காட்ட வேண்டும் என்று 5 லிட்டர் வைத்தால் கரியமில வாயு தேங்கி மயக்கத்துக்குப் போவார். உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு "குறைச்சலா இருக்கே" என்று திருகுவார்கள். குமிழுக்கு மேல் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

திணறலுக்கு முகத்துக்கு நேரே மின்விசிறிக் காற்று நல்ல பலன் தரும். ஜன்னலைத் திறங்கள், கூட்டத்தைக் குறையுங்கள், முன்னால் மேசை போட்டுத் தலையணையில் சாய்ந்து உட்கார வையுங்கள். இவற்றுக்கும் அடங்காத திணறலுக்கு, அபின் வகை வலி மருந்தான மார்ஃபின். பெயரைக் கேட்டதும் பயப்படுகிறார்கள். சரியான அளவில் கொடுத்தால் உயிரைக் குறைக்காது, திணறல் உணர்வைக் குறைக்கும். வயதானவர்களுக்கு வழக்கமாக 2.5 மில்லிகிராமில், அதாவது 10 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கில் தொடங்குவார்கள். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதைச் சிறுநீரக நிலை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும், பழுதிருந்தால் இடைவெளி கூடும். தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். அதை மறந்தால் ஒரு வாரத்தில் மலச்சிக்கல் திணறலைவிடப் பெரிய துன்பமாகிவிடும். சாதாரண மெடிக்கல் ஷாப்பில் மார்ஃபின் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளின் வலிநிவாரணப் பிரிவில்தான் தருவார்கள். நெருக்கடி வந்த பிறகு அலையாமல் இப்போதே பதிந்துவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு வலிநிவாரணச் செவிலி வீட்டுக்கு வருவார், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். கட்டணம் இல்லை.

படுக்கையில் விழுந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முழுக்கப் புரட்ட வேண்டாம், முப்பது பாகை சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் உள்ளே சதை கிழியும். காற்று மெத்தை இருக்கிறதே என்று பக்கம் மாற்றுவதை நிறுத்தவும் கூடாது.

கடைசி நாட்களில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். பார்ப்பவர்களுக்குப் பயமாக இருக்கும், அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும், ஊசி மருந்தும் உண்டு. உள்ளே ஆழமாகக் குழாய்விட்டு உறிஞ்ச வேண்டாம். பால் ஊற்றுகிற நேரத்தில்தான் எனக்கு எப்போதும் மனம் பதறும். விழுங்க முடியாதவர் வாயில் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்த் திணறுவார். சுத்தமான துணியைப் பாலில் நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள். சடங்கும் நிறைவேறும், அவருக்கும் கெடுதல் இல்லை.

புதுவயல் சொக்கு

செவிலி அக்காவிடம் ஒரு துணைக்கேள்வி. மறதி நோய் முற்றிய ஆத்தாவுக்கு 82. சாப்பாட்டை வாயிலேயே வைத்துக்கொள்கிறார். மூக்கு வழியாக உணவு செலுத்தும் ரைல்ஸ் குழாய் போடலாம் என்கிறார்கள். போடாவிட்டால் பட்டினி போட்டதாக ஆகாதா? தெம்புக்கு வாரம் இரண்டு குளுக்கோஸ் ஏற்றினால் போதுமா?

வலிநிவாரணச் செவிலி, தேவகோட்டை

தம்பி, முதலில் குளுக்கோஸ். அரை லிட்டர் 5 சதவீத பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிகூடத் தேறாது. ஐந்து ஸ்பூன் சீனி போட்ட பால் காபி ஒரு டம்ளர் அதைவிட அதிகம் தரும். கடைசிக் கட்டத்தில் ஏற்றும் நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கித் திணறலைக் கூட்டும்.

பக்கவாதம் வந்து விழுங்கும் திறன் மீளக்கூடிய நிலையில் இருப்பவருக்குக் குழாய் சரி. மறதி நோயின் கடைசிக் கட்டத்தில் அது ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகளில் தெரியவில்லை. பிடுங்குவார், பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டுவார்கள். முதியோர் மருத்துவர்கள் கையால் ஊட்டுவதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, அரை ஸ்பூனாகக் கொடுங்கள். தண்ணீராகக் கொடுப்பதைவிடக் கூழ்ப் பதம் நல்லது. கவுனி அரிசியைக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். விழுங்கினாரா என்று பார்த்து அடுத்த வாய். வேண்டாம் என்று வாயை மூடினால் அந்த வேளைக்கு நிறுத்துங்கள். உடல் அடங்கிவரும்போது பசியும் அடங்கும். சாப்பிடாததால் நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால்தான் சாப்பாடு குறைகிறது. திடீரென்று நிறுத்தியிருந்தால் மட்டும் வாய்ப்புண், பல்வலி, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இவை சரிசெய்யக் கூடியவை.

காப்பீட்டு ஆலோசகர், காரைக்குடி

பணக்கணக்கு. பழைய பாலிசிகளில் அறை வாடகை உச்சவரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்று இருக்கும். 3 லட்சம் பாலிசிக்கு 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் அறை எடுத்தால் வாடகை வித்தியாசம் மட்டும் வெட்டுப்படாது, மருத்துவர் கட்டணம் போன்றவையும் பாதியாகும். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு பொருந்தாது. வீட்டுப் பராமரிப்பு, ஆள் கூலி, கட்டில் வாடகை, கான்சென்ட்ரேட்டர் ஆகியவற்றைப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. முதல்வர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். பெரிய வீடு இருக்கிறது என்பதாலேயே கிடைக்காது என்று நினைக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்குக் கேளுங்கள்.

வீட்டு ஆள் செலவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 24 மணி நேர ஆளுக்கு நாளுக்கு 1,000 என்று வைத்தால்கூட மாதம் 30,000, அதுவும் ஆறு மாதம் நீளலாம். வெளிநாட்டு அண்ணன் ஐசியு பில்லைக் கட்டத் தயாராக இருப்பார், மாதச் சம்பளத்தைக் கேட்டால் "நீங்க பாத்துக்குங்க" என்பார். அந்தத் தொகையை இப்போதே ஒரு தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். மீனா ஆச்சி, நீங்கள் இரவு பகலாகப் பார்ப்பதும் ஒரு பங்குதான். அதற்குக் கணக்கு இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

அப்பச்சியின் வங்கிக் கணக்கு தனிப்பெயரில் இருந்தால் "இருவரில் எவரும் அல்லது உயிரோடிருப்பவர்" என்று மாற்றுங்கள். கையெழுத்துப் போட முடியாத நிலையிலும், பெருவிரல் ரேகையோடு வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் இருந்தால் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். பவர் பத்திரத்தை நம்ப வேண்டாம். கொடுத்தவர் சுயநினைவு இழந்தால் அது செல்லாது. அதன்பின் உயர் நீதிமன்றத்தில் காப்பாளர் உத்தரவு வாங்க வேண்டிவரும்.

கண்டனூர் மீனா

எல்லோருக்கும் நன்றி. இந்த உரையாடல் திரியைப் பெரியண்ணனுக்கு அனுப்பிவிட்டேன், பைபாப் வரை என்பதற்கு அவரும் சரி என்கிறார். கடைசியாக ஒன்று: இரவில் திணறல் வந்தால் 108-ஐக் கூப்பிடலாமா? வீட்டில் நடந்துவிட்டால் போலீஸ், சான்றிதழ் என்று சிக்கல் வருமா?

நோட்டரி வக்கீல், காரைக்குடி

108 வந்தால் உயிர் காக்கும் முறையில்தான் தொடங்குவார்கள், அது அவர்கள் கடமை. பைபாப் வரை போவதற்காக என்றால் கூப்பிடுங்கள், பத்திர நகலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். இனி மருத்துவமனை வேண்டாம் என்று முடிவான பிறகு முதல் அழைப்பு குடும்ப மருத்துவருக்கும் செவிலிக்கும் போகட்டும். அந்த எண்களைக் கட்டில் தலைமாட்டில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், இரவில் கூட இருப்பவர் யாராக இருந்தாலும் தெரிய வேண்டும்.

நோயால் வீட்டில் நிகழும் மரணத்துக்குப் போலீஸ் தேவையில்லை. ஏற்கனவே பார்த்துவந்த மருத்துவர் இறப்புக் காரணச் சான்று தருவார், வீட்டு மரணத்துக்கு அது படிவம் 4ஏ. அதற்காகவே அவரை மாதம் ஒருமுறையாவது வந்து பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் பார்க்காத நோயாளிக்குச் சான்று தர எந்த மருத்துவரும் தயங்குவார். கிராம ஊராட்சியானால் கிராம நிர்வாக அலுவலரிடமும், பேரூராட்சி, மாநகராட்சியானால் அந்த அலுவலகத்திலும் 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயரை ஆதாரிலும் வங்கியிலும் உள்ளபடி ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதச் சொல்லுங்கள். விலாசம் என்று நம் பக்கம் சேர்த்துச் சொல்லும் முன்னெழுத்துகள் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருந்தால், வாரிசுச் சான்று வாங்கும்போது தாலுகா அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.